மளிகைக் கடையின் முதலீடு முடங்காமல் இருக்க

தெருமுனையில் மளிகைக் கடை நடத்துபவரின் முதலீடு இரண்டு இடங்களில் முடங்குகிறது: ஒன்று அலமாரி, மற்றொன்று கடன் நோட்டு.

வேலூரில் மொத்த வியாபாரம் நடக்கும் நேதாஜி மார்க்கெட்டும் மண்டித் தெருவும் ஆட்டோ தூரத்திலேயே இருப்பதால், கொசப்பேட்டையிலோ சத்துவாச்சாரியிலோ கடை வைத்திருப்பவர் ஒரு மாதச் சரக்கை ஒரே நடையில் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. வேலூர் வெயிலில் வெல்லம் கசிந்துவிடும், ரவையில் வண்டு விழும். ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் இவற்றை ஒரு வார விற்பனைக்கு மேல் வாங்காதீர்கள். புதுச் சரக்கைப் பின்னால் தள்ளி, பழையதை முன்னால் வையுங்கள்.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களின் கணக்கு வேறு. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து, லாட்ஜில் தாங்களே சமைத்துக்கொள்பவர்கள் கடுகு எண்ணெய், மசூர் பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கேட்பார்கள். அதுவும் அன்றன்றைக்குத் தேவையான அளவில், ரொக்கத்துக்கு வாங்குவார்கள்.

இனி கடனுக்கு வருவோம். அது லாபத்தை எவ்வளவு தின்னும் என்பதை ஒரு அரிசிச் சிப்பத்தின் கணக்கில் பார்க்கலாம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்ட பிறகு, ஆலைகள் 26 கிலோ சிப்பம் போடத் தொடங்கின. அப்படி ஒரு சிப்பத்தை 1,430 ரூபாய்க்கு வாங்கி, கிலோ 60 ரூபாய் வீதம் சில்லறையில் விற்றால் 1,560 ரூபாய் வரும். வண்டிக்கூலி 30 ரூபாய் போக நிற்பது 100 ரூபாய். நிறுவையில் சிந்துவதை நான் சேர்க்கவில்லை. திரும்பாத 500 ரூபாய்க் கடன் ஒன்று, ஐந்து சிப்பத்தின் லாபத்தை விழுங்கிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே நோட்டைத் திறக்க வேண்டும்.

அதற்காகக் கடனே கிடையாது என்று பலகை மாட்டினால் தெருவில் வியாபாரம் நடக்காது. குடும்பத்துக்கு ஒரு வரம்பு வைத்து, பொருள் கொடுக்கும்போதே அவர்கள் கண்முன் எழுதி, அவர்கள் கையிலுள்ள சிறு நோட்டிலும் அதே தொகையைக் குறித்துக் கொடுங்கள். கட்டட வேலைக்குச் செல்பவரிடம் சனிக்கிழமை மாலையிலும், மாதச் சம்பளக்காரரிடம் முதல் வாரத்திலும் கேளுங்கள். மற்றவர்கள் நிற்கும்போது பாக்கியை எடுத்துப் பேசினால், அவர் மறுநாள் முதல் எதிர்ச்சாரியில் நடந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்; பாக்கியும் வராது, வாடிக்கையும் போய்விடும். கடையில் ஆள் இல்லாத மதிய நேரத்தில் அவர் வரும்போது, நோட்டைத் திருப்பி அவர் பக்கமாக வைத்தாலே போதும்.