ஆசாரியிடம் அலமாரி வேலை கொடுக்கும் முன்: அளவு, பலகை, கூலி

உள்ளூர் ஆசாரி செய்து தரும் சுவர் அலமாரி உங்கள் சுவருக்குச் சரியாகப் பொருந்தும். நாளைக்குப் பழுது என்றாலும் கூப்பிட ஆள் இருப்பார். மனஸ்தாபம் வருவதெல்லாம் பெரும்பாலும் எப்படி அளப்பது, எந்தப் பலகை போடுவது என்ற இரண்டில்தான். 7 அடி உயரம், 6 அடி அகலம், 2 அடி ஆழத்தில் நான்கு கதவு வைத்த படுக்கையறை அலமாரி ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

1. ஆளைத் தேடுங்கள்

நிலை, கதவு, ஜன்னல் செய்வதில் கைதேர்ந்த ஆசாரிக்குப் பிளைவுட், மைக்கா வேலையும் அதே அளவுக்கு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் அவர் செய்த அலமாரியையே பார்க்க வேண்டும், அதுவும் ஒரு மழைக்காலமாவது தாண்டியதை. இரண்டு கதவுக்கு நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருக்கிறதா? மைக்கா ஓரத்தில் நகம் நுழைகிறதா? டிராயரை முழுசாக இழுத்தால் தொங்குகிறதா? இந்த மூன்றையும் பார்த்தாலே கைவேலை தெரிந்துவிடும்.

2. ரேட்டுக்கு முன்னால் அளக்கும் முறையைப் பேசுங்கள்

"சதுர அடிக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். முன்பக்க அளவு என்றால் உயரம் பெருக்கல் அகலம்: 7 × 6 = 42 சதுர அடி. இதையே பலகை பலகையாக அளந்தால் பக்கப் பலகை இரண்டும் நடுப்பலகையும் 42, மேல் கீழ் 24, ஐந்து தட்டுகள் 30, கதவுகள் 42, ஆக 138 சதுர அடி. ஒரே அலமாரிக்குக் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். இரண்டு முறையும் நடைமுறையில் உண்டு, ரேட்தான் அதற்கேற்ப மாறும். எந்த முறை, கைக்கூலி மட்டுமா பொருளோடு சேர்த்தா, மேலே பரண் இருந்தால் அது தனிக் கணக்கா, டிராயருக்குத் தனிக் கூலியா என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

3. எத்தனை ஷீட் வேண்டும்?

பிளைவுட் ஷீட் 8 × 4 அடி, அதாவது 32 சதுர அடி. 138ஐ 32ஆல் வகுத்தால் நாலரைக்குள் வருகிறது. ஐந்து போதும் என்று நினைத்தால் வேலை பாதியில் நிற்கும். ஷீட்டை நீளவாக்கில் பிளந்தால் 2 அடி அகலத்தில் இரண்டு பட்டை கிடைக்கும். பக்கம், நடுவுக்கு மூன்று பட்டை, மேல் கீழுக்கு இரண்டு, தட்டுகளுக்கு மூன்று: மொத்தம் எட்டுப் பட்டை, நான்கு ஷீட். கதவு ஒன்றரை அடி அகலம் என்பதால் ஷீட்டுக்கு இரண்டுதான் வரும். அதற்கு இன்னும் இரண்டு. ஆக 18 மி.மீ. பிளைவுட் 6 ஷீட், பின்பக்கத்துக்கு 6 மி.மீ. 2 ஷீட். மிஞ்சும் துண்டுகள் டிராயருக்கும் அடிப்பட்டைக்கும் ஆகும். ரம்பம் கொஞ்சம் தின்னும் என்பதால் ஆழத்தை 23½ அங்குலம் என்று வைப்பது நல்லது.

4. பலகை வாங்கும்போது

ஆசாரியைக் கடைக்கு அழைத்துப் போங்கள், பில் மட்டும் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒவ்வொரு ஷீட்டிலும் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஐஎஸ் 710 என்றால் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட், ஐஎஸ் 303 என்றால் சாதாரண வகை. சமையலறை சிங்க்கின் கீழும், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரிக்கும் 710தான் வேண்டும். ஷீட்டின் நான்கு ஓரத்தையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அங்கே ஸ்க்ரூ பிடிக்காது.

மைக்காவில் மிச்சம் பிடிக்கப் போய்க் கதவைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா ஒட்டிவிட்டு உள்பக்கத்தைப் பெயின்டோடு விட்டால், இரு பக்கமும் ஈரத்தை ஒரே மாதிரி இழுக்காது. 7 அடிக் கதவு வில்லாக வளைந்துவிடும், கீலைத் திருகியும் நிமிர்த்த முடியாது. உள்ளேயும் 0.8 மி.மீ. மைக்கா கட்டாயம் ஒட்டச் சொல்லுங்கள்.

கீல் கதவுக்கு நான்கு வீதம் 16. கிராங்க் என்பது கீல் கையின் வளைவு. ஓரக் கதவுகளுக்கு, பலகை ஓரத்தை முழுசாக மூடும் 0 கிராங்க் கீல் எட்டு; நடுப்பலகையில் மாட்டும் இரண்டு கதவுகளுக்கு, ஓரத்தில் பாதியை மட்டும் மூடும் 8 கிராங்க் கீல் எட்டு. எல்லாவற்றையும் 0 கிராங்க்காகவே வாங்கிவிட்டால் நடுவில் இரண்டு கதவும் ஒன்றையொன்று இடிக்கும்.

5. வேலை நடக்கும்போது

சுவரின் அகலத்தை அடி, நடு, மேல் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவுக்குப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். பூச்சு நேராக இருப்பது அபூர்வம். மிஞ்சும் இடைவெளியைப் பட்டை வைத்து மூடிக்கொள்ளலாம். சுவரில் ஈரம் இருந்தால் அது காயும் வரை பொறுங்கள். தரை துடைக்கும் தண்ணீர் படாமல் பெட்டி 4 அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். கதவு மாட்டுவதற்கு முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு திருத்துவது கஷ்டம்.

6. பணம்

கைக்கூலி வேலைக்கு முன்பணம் 10 முதல் 20 சதவீதம் போதும். பெட்டி நின்றதும் 40, கதவு மாட்டியதும் 30 என்று பிரித்துக் கொடுங்கள். சனிக்கிழமை தன் ஆட்களுக்கு அவர் கூலி கொடுக்க வேண்டியிருக்கும், அதைக் கணக்கில் வைத்துத் தாமதிக்காமல் தாருங்கள். கடைசிப் பங்கை ஒரு மாதம் கழித்துத் தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்குள் துணிமணி ஏறிக் கதவுகள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் வந்து கீல் ஸ்க்ரூக்களைத் திருகிச் சரிசெய்ததும் மீதியைக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம்.