பேப்பர் போடச் சொல்கிறார்களா? பெங்களூரில் வேலையை விட்டு வெளியேறும் முன் கணக்குப் பார்ப்பது எப்படி

பெங்களூர் ஐ.டி. கம்பெனிகளில் ஆட்குறைப்பு பெரும்பாலும் அந்தப் பெயரில் வருவதில்லை. சின்ன மீட்டிங் ரூமில் மேனேஜரும் எச்.ஆரும் உட்கார்ந்திருப்பார்கள். "உங்க ரோல் இனிமே இல்ல. நீங்களே பேப்பர் போட்டுட்டா ரெண்டு மாச சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தர்றோம். சாயங்காலத்துக்குள்ள மெயில் அனுப்பிடுங்க." வெள்ளிக்கிழமையாக இருந்தால், மடிவாளாவில் சேலம் பஸ் பிடிக்கிற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

அன்றைக்கு அந்த ராஜினாமா மெயிலை அனுப்பாதீர்கள். ராஜினாமா கொடுத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்களாகப் போனவர். ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கேட்கும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். கம்பெனி அந்த மெயிலுக்கு அவசரப்படுவதும் அதனால்தான். உங்கள் கையில் இருக்கும் ஒரே சரக்கு அது. விலை பேசி முடிக்காமல் கொடுத்துவிட்டால் பிறகு பேச ஒன்றும் இருக்காது.

அறையில் வாக்குவாதம் வேண்டாம். "எழுத்தில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது போதும். அன்றிரவே எச்.ஆருக்கு நான்கு வரி மெயில் போடுங்கள்: இன்று இத்தனை மணிக்கு இன்னின்னார் இருந்த கூட்டத்தில் என் பதவி நீக்கப்படுவதாகச் சொன்னீர்கள், ராஜினாமா செய்யும்படி கேட்டீர்கள், நான் ராஜினாமா செய்யவில்லை, வேலையைத் தொடரத் தயாராக இருக்கிறேன், உங்கள் முன்மொழிவை எழுத்தில் தாருங்கள். அந்த மெயிலின் பிரின்ட் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற சொல்லைப் பிறகு எந்தத் தாளிலும் சேர்க்க விடாதீர்கள். அது நுழைந்தால் இந்த மெயிலின் பலம் பாதியாகிவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது

கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் 1961, பிரிவு 39: தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது, ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முறையான விசாரணையில் நிரூபணமான ஒழுங்கீனத்துக்கு மட்டும் நோட்டீஸ் தேவையில்லை. உயர் நிர்வாகப் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிலுறவுத் தொகுப்பின்படி, ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். "நான் மாசம் லட்சத்துக்கு மேல வாங்குறேன், நான் எப்படித் தொழிலாளி?" என்று பலர் தாங்களே விலகிக்கொள்கிறார்கள். கோடு எழுதுவது, டெஸ்டிங், சப்போர்ட் டிக்கெட் பார்ப்பது எல்லாம் தொழில்நுட்பப் பணி. சம்பளம் எவ்வளவு என்பது அங்கே கேள்வி இல்லை. 18,000 ரூபாய் வரம்பு மேற்பார்வைப் பணியில் இருப்பவர்களுக்குத்தான். விசிட்டிங் கார்டில் 'மேனேஜர்' என்று இருப்பதால் மட்டும் உரிமை போய்விடாது. லீவு அனுமதிப்பது, ஆளெடுப்பது, அப்ரைசல் முடிவு செய்வது உண்மையில் உங்கள் கையில் இருந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

'இரண்டு மாதச் சம்பளம்' என்ற கண்கட்டு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,20,000 ரூபாய், அதில் பேசிக் (அலவன்ஸ்கள் சேராத அடிப்படைச் சம்பளம்) 48,000. சர்வீஸ் 6 வருஷம் 7 மாசம். ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட் 2 மாசம்.

கம்பெனி தருவதாகச் சொன்ன இரண்டு மாதச் சம்பளம், அதாவது 2,40,000, ஒப்பந்தப்படி எப்படியும் தர வேண்டிய நோட்டீஸ் பணம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆட்குறைப்பு இழப்பீடு தோராயமாக 7 × 15 = 105 நாள் சம்பளம், மூன்றரை மாதம். முழுச் சம்பளத்தில் வைத்தால் 4,20,000 ரூபாய்; கீழே வரும் புதிய சட்டத்தின் சம்பள வரையறைப்படி 60,000-ஐ வைத்தால் 2,10,000. பேரம் இங்கேதான் தொடங்க வேண்டும். எனவே முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "இந்தத் தொகை நோட்டீஸ் சம்பளத்துக்கு மேலா, அதையும் சேர்த்தா?" பதிலை மெயிலில் வாங்குங்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. 5 வருஷம் முடிந்தவருக்கு அது உரிமை, கருணை அல்ல. கடைசிச் சம்பளம் × 15 ÷ 26 × வருஷங்கள். ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சம் முழு வருஷமாக எண்ணப்படும் என்பதால் இங்கே 7. பேசிக்கை வைத்தால் 1,93,846 ரூபாய். புதிய சட்டத்தில் அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கருதப்படும். அப்படி 60,000-ஐ அடிப்படையாக வைத்தால் 2,42,308. வித்தியாசம் 48,000-க்கு மேல். பழைய எக்செல்லையே ஓட்டும் பேரோல் ஆட்கள் இருக்கிறார்கள். கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 4 வருஷம் 240 நாள் முடிந்தாலே ஐந்தாவது ஆண்டு முடிந்ததாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கர்நாடகத்தில் அதைக் கம்பெனி உடனே ஏற்கும் என்று நம்பி உட்கார வேண்டாம். ஐந்து வருஷம் முடியச் சில மாதங்களே பாக்கி என்றால், கடைசி வேலை நாளைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பது பணமாகக் கேட்பதைவிட எளிதில் கிடைக்கும்.

பிறகு மிச்சமிருக்கும் ஈட்டிய விடுப்பு, போனஸ், வெஸ்ட் ஆன (உங்களுக்கு உரிமையாகிவிட்ட) ஷேர்கள். ஷேர் ஆப்ஷனை (குறித்த விலைக்குக் கம்பெனிப் பங்கை வாங்கும் உரிமையை) பயன்படுத்திக்கொள்ளப் பல கம்பெனிகள் வேலையை விட்டபின் 90 நாள்தான் தருகின்றன. இந்த அவகாசத்தை நீட்டித் தரச் சொல்லலாம். கம்பெனிக்கு அதனால் உடனடிச் செலவு இல்லை.

எல்லாவற்றையும் உருட்டி 'எக்ஸ் கிரேஷியா' (கட்டாயமில்லாமல் கம்பெனி தானாகத் தரும் பணம்) என்று ஒரே தொகையாக எழுத விடாதீர்கள். கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரையும், வேலையை விடும்போது வாங்கும் விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் வரையும், சட்டம் சொல்லும் கணக்குக்கு உட்பட்டு, வருமான வரி விலக்கு உண்டு. தொழிலாளிக்கான ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் 5 லட்சம் வரை உண்டு. நோட்டீஸ் சம்பளத்துக்கும் சும்மா தரும் சீவரன்ஸுக்கும் (வேலையை விடும்போது கூடுதலாகத் தரும் பணம்) முழு வரி. ஒவ்வொன்றும் தனி வரியில் இருந்தால்தான் இந்த விலக்கைக் கேட்க முடியும்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது

பணம் வரும் தேதி. "கிளியரன்ஸ் முடிந்தபின்" என்று எழுதியிருந்தால் அது தேதியே இல்லை. நாள், மாதம், வருஷம் வேண்டும். எஃப் அண்ட் எஃப்புக்கு (கடைசிக் கணக்குத் தீர்ப்புக்கு) 45 நாள் ஆகும் என்பது கம்பெனிகளின் பழக்கம் மட்டுமே. ஊதியத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டாலும் ராஜினாமா செய்தாலும் சேர வேண்டிய ஊதியத்தை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும். கிராஜுவிட்டிக்கு 30 நாள், தாண்டினால் வட்டி.

"இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்" என்ற பத்தி கட்டாயம் இருக்கும். அதற்காகத்தான் கூடுதல் பணம் தருகிறார்கள்; அதில் தப்பில்லை. ஆனால் பி.எஃப்., கிராஜுவிட்டி இரண்டையும் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. அந்த இரண்டும் இதில் அடங்காது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கம்பெனியும் உங்கள் மேல் இனி எதுவும் கோராது என்று எதிர்ப்பக்கமும் எழுதப்பட வேண்டும். இது இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்டு மெயில் வரும். அப்படிக் கேட்கும்போது வரி பிடிக்காத முழுத் தொகையைக் கேட்பார்கள். உங்கள் அக்கவுன்ட்டுக்கு வந்ததோ வரி போக மிச்சம். கையில் வந்த தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

நீங்களாக விலகி நோட்டீஸ் பீரியடைப் பணம் கட்டி முடிக்கும்போது, அந்தத் தொகை மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் கட்டாதீர்கள். நோட்டீஸ் பிடித்தத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே தெளிவாக்கிவிட்டது.

ஒரு வருஷம் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-இன்படி, வேலையை விட்டபின் அது செல்லாது. ரகசியக் காப்பு நிபந்தனை மட்டும் செல்லும். டிரெயினிங் பாண்ட், குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும் என்ற பாண்ட் (முன்பே விட்டால் பணம் கட்டும் ஒப்பந்தம்) வேறு கதை: நியாயமான தொகை என்றால் நீதிமன்றம் ஏற்கிறது, 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்ச ரூபாய் பாண்ட்டை உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது.

ரிலீவிங் லெட்டரின் வாசகத்தை ஒப்பந்தத்தோடு இணைப்பாகக் கேளுங்கள். புதிய கம்பெனியிலிருந்து பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் (பின்னணிச் சரிபார்ப்பு) வந்தால் எச்.ஆர். சிஸ்டத்தில் என்ன காரணம் காட்டுவார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். லெட்டரில் ஒன்று, சிஸ்டத்தில் 'அப்ஸ்காண்டிங்' (சொல்லாமல் காணாமல் போனவர்) என்று இன்னொன்று இருப்பது அடிக்கடி நடக்கிறது.

லேப்டாப் போகும் முன்

ஆக்சஸ் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ஆஃபர் லெட்டர், அப்ரைசல் கடிதங்கள், விடுப்பு இருப்பு காட்டும் பக்கம், இவை உங்களுடையவை, இறக்கி வையுங்கள். புராஜெக்ட் ஃபைலையோ கிளையன்ட் மெயிலையோ சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு பண்ணாதீர்கள். பேரம் பேசும் நேரத்தில் 'தகவல் திருட்டு' என்று ஒரு காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததாக ஆகும். லேப்டாப்பைக் கொரியரில் அனுப்பினால் சீரியல் நம்பர் தெரியும்படி படம் எடுத்து, ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசியில் இருந்தால், அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற்ற கடைசி வேலை நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். விட்டால் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

பணம் வராவிட்டால், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதி, ஒரு வாரத் தவணை கொடுத்து எச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். அடுத்தது தொழிலாளர் துறை. தலைமை அலுவலகம் பன்னேர்கட்டா சாலையில் டெய்ரி சர்க்கிள் பக்கம் இருக்கும் கார்மிக பவனம். கம்பெனி இருக்கும் பகுதிக்கு எந்த அதிகாரி என்று அங்கே சொல்வார்கள். நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து வீட்டு வேலை பார்த்திருந்தாலும், அலுவலகம் பெங்களூர் என்றால் மனுவை இங்கேயே கொடுப்பதுதான் சுளுவு. மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். ஊதியக் கோரிக்கையை மேனேஜர் பதவியில் இருந்தவரும் எழுப்பலாம். அதற்குக் கெடு 3 வருஷம். தனியாகப் போகத் தயக்கம் என்றால் 2017-இல் தொடங்கிய கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கம் இதே வேலையாக இருக்கிறது. மனுவின் இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.