கைக்குழந்தையோட முதல் நீச்சல் வகுப்பு: போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

முதல் வகுப்பு அரை மணி நேரம்னு சொல்லுவாங்க. அதுல குழந்தை தண்ணிக்குள்ள இருக்கப்போறது பத்து நிமிஷம், மிஞ்சிப்போனா இருபது. மீதி நேரமெல்லாம் கரையில உக்கார்றது, காலை நனைக்கிறது, அழுகையை அமத்தறது, துண்டுல சுத்தறதுன்னு போயிரும். அன்னைக்குக் குழந்தை நீச்சல் கத்துக்கப்போறதும் இல்ல. கத்துக்கப்போறது உங்க ரெண்டு கைதான். எங்கே பிடிக்கறது, எவ்வளவு இறுக்கறது, எப்போ தளர்த்தறதுன்னு கை பழகறதுக்குத்தான் அந்த முதல் நாள்.

எங்க பாப்பாவுக்கு அப்போ ஒன்பது மாசம். நாங்க இருக்கறது அவிநாசியில. சனிக்கிழமை காலையில கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போவோம். எனக்கு நீச்சல் தெரியும். அம்மா வீடு பெருந்துறைப் பக்கம். ஏழு வயசுல அப்புச்சி (அம்மாவோட அப்பா) என் முதுகுல சுரைப்புருடையை, அதாவது மிதக்கறதுக்கான காய்ஞ்ச சுரைக்காய்க் கூட்டைக் கட்டி, இடுப்புல கயித்தைப் போட்டு, தோட்டத்துக் கெணத்துல இறக்கிவிட்டாரு. கயித்தோட இன்னொரு முனை அவரு கையில இருந்துச்சு. "நான் புடிச்சிருக்கறன் கண்ணு, நீ காலை மட்டும் அடி"ம்பாரு. குழந்தையோட தண்ணியில எறங்குனப்போ எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம். இங்கே கயிறு கிடையாது, என் கைதான்.

எந்த வயசுல போகலாம்னா, முதல்ல கழுத்து நல்லா நிக்கணும். தடுப்பூசியெல்லாம் முடியட்டும்னு காத்திருக்க வேண்டியதில்லை. தோல்ல கரப்பான் இருந்தாலோ, காதுல சீழ் வந்தாலோ, நெஞ்சுச் சளி இருந்தாலோ, குழந்தை டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019ல சொன்னது, ஒரு வயசுக்கு மேல நீச்சல் பழக்கினா மூழ்கற ஆபத்து குறைய வாய்ப்பிருக்குன்னு. ஒரு வயசுக்கு உள்ளார பழக்கறதால ஆபத்து குறையுதுங்கறதுக்கு ஆதாரம் இல்லைன்னும் அவங்களே சொல்லியிருக்காங்க. அப்புறம் எதுக்குப் போறதுன்னா, தண்ணியோட சிநேகமாகறதுக்கு. அப்பா அம்மா மேல தோலோட தோலா ஒட்டிக்கிட்டு அரை மணி நேரம் விளையாடறதுக்கு. எனக்கு அதுவே போதுமானதா இருந்துச்சு.

குளத்தைத் தேர்ந்தெடுக்கறதுலதான் நான் முதல்ல தப்புப் பண்ணினேன். தை மாசம், ஏழு மாசக் குழந்தை, பக்கத்துல ஒரு திறந்தவெளிக் குளம். காலையில எட்டு மணிக்குப் போனோம். தண்ணி சில்லுனு இருந்துச்சு. நாலு நிமிஷத்துல பாப்பாவோட உதட்டோரம் நீலம் பாரிச்சுப்போச்சு. அழக்கூட இல்ல, அமைதியாகி என் கழுத்துல ஒட்டிக்கிச்சு. பழக்கிவிடறவரு "போகப்போகச் சரியாயிருமுங்க"ன்னாரு. நான் கேக்கல, மேலே ஏறிட்டேன். நீங்களும் அந்த இடத்துல யார் பேச்சையும் கேக்காதீங்க. கைக்குழந்தைக்கு உடம்புச் சூடு நம்மளவிட வேகமா எறங்கும். வெடவெடன்னு நடுங்கினாத்தான் குளிருதுன்னு நினைக்கக்கூடாது. திடீர்னு அமைதியாகறது, ஒட்டிக்கறது, விரல் நுனி வெளுக்கறது, இதெல்லாமே குளிரோட அடையாளம்.

அதனால போன்லயே கேட்டுக்கங்க: தண்ணி எத்தனை டிகிரி? கைக்குழந்தைக்கு 32 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கணும். வீட்டுல குளிப்பாட்டற தண்ணியே சுமாரா 37 இருக்கும்ங்கறப்போ, 32ங்கறது குழந்தைக்குக் கொஞ்சம் குளிர்ச்சிதான். நம்ம ஊர்ல திறந்தவெளிக் குளம்னா பங்குனி சித்திரையில வெயில் ஏறினப்புறம் போகலாம், மார்கழி தையில வேண்டாம். ஆடியிலயும் யோசிக்கணும். பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற காத்துல, ஈரத்தோட மேலே வர்ற குழந்தை ஒரு நிமிஷத்துல வெறைச்சுப்போயிரும். பாப்பாவுக்கு ஒன்பது மாசம் ஆனப்புறம் நாங்க ரெண்டாவதா போனது கூரை போட்ட, சூடு பண்ணின குளம்.

நேர்ல போய்ப் பார்க்கறப்போ மூக்கையும் நம்புங்க. குளோரின் நெடி மூக்கைத் துளைச்சா "மருந்து நல்லாப் போட்டிருக்காங்க"ன்னு நினைச்சுக்குவோம். உண்மையில வேர்வை, மூத்திரத்தோட குளோரின் கலந்து உண்டாகற வாயுவோட நெடி அது. நல்லாப் பராமரிக்கற குளத்துல அவ்வளவு நெடி அடிக்காது. அடித்தரையில பதிச்ச கல் பளிச்சுனு தெரியணும்.

இனி பை. சாதா டயப்பர் தண்ணியை உறிஞ்சி, ஊறின பஞ்சு மூட்டையாட்டத் தொங்கிரும். நீச்சல் டயப்பர்னு தனியா இருக்கு, துவைச்சுக் கட்டற துணியிலயும் கிடைக்குது. அது மலத்தைத் தடுத்து வைக்கும், மூத்திரத்தைத் தடுக்காது. அதனால குளத்தோரம் போனப்புறம் மாட்டுங்க. வண்டியில வர்றப்பவே மாட்டிட்டு வந்தா மடி நனைஞ்சிரும். தொடையில, இடுப்புல இடைவெளி இல்லாமக் கவ்வி இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க. துண்டு ரெண்டு வேணும். ஒண்ணு நனைஞ்சிரும், இன்னொண்ணு காய்ஞ்சதா கையில இருக்கணும். என்கிட்ட இருக்கறது அப்புச்சியோட பழைய வேட்டியைக் கிழிச்ச துணி. புதுத் துண்டைவிட அது ஈரத்தை நல்லா வாங்குது.

நமக்கு என்ன உடுப்புங்கறது நிறைய அம்மாக்களோட தயக்கம். பருத்திச் சுடிதாரை நிறையக் குளத்துல விடமாட்டாங்க, விட்டாலும் நனைஞ்சு கனத்துப்போயிரும். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடுப்பு கடையில கிடைக்குது, நானும் அதைத்தான் போட்டேன். கண்ணாடி வளையலைக் கழட்டிருங்க. குளத்துக்குள்ள ஒண்ணு உடைஞ்சா அத்தனை குழந்தைக்கும் ஆபத்து. தாலிக்கொடியை உடுப்புக்குள்ள போட்டுக்கங்க. பயந்த குழந்தை முதல்ல பிடிக்கறது அதைத்தான். குழந்தையோட கொலுசு, வசம்பு வளையல், கன்னத்து மை எல்லாத்தையும் வீட்டுலயே எடுத்துருங்க. மை தண்ணியில கரைஞ்சு கண்ணுக்குள்ள போகும்.

ரொம்ப முக்கியமான ஒண்ணு: அன்னைக்கு எண்ணெய் தேய்க்காதீங்க. எங்கத்தை நல்லெண்ணத்துல காலையிலேயே தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணி உடம்பெல்லாம் தேச்சுவிட்டுட்டாங்க. குளிச்சுட்டுத்தான் போனோம், அப்படியும் தண்ணிக்குள்ள பாப்பா அயிரை மீனாட்டம் கையில வழுக்குச்சு. அக்குளுக்கடியில பிடிச்ச என் பெருவிரல் நிக்கவே இல்ல. எண்ணெயெல்லாம் வகுப்பு முடிஞ்சு ராத்திரிக்கு.

பால் கொடுத்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கணும். ராகிக்கூழு, பருப்புச் சோறுன்னா ஒரு மணி நேரம். தூங்கற நேரத்துல வர்ற வகுப்பை எடுக்காதீங்க, இலவசமாக் கொடுத்தாலும் வேண்டாம். வயித்தால போயிட்டிருந்தா கண்டிப்பாப் போகக்கூடாது. நின்னு முழுசா ரெண்டு நாள் ஆகட்டும்.

வீட்டுல ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு பழக்கம் ஆரம்பிக்கலாம். எங்கம்மா குழந்தையைக் கால்மேல போட்டுக் குளிப்பாட்டறதைப் பல தடவை பார்த்திருக்கேன். இடது உள்ளங்கையை நெத்தியில தகரக் கூரையாட்டக் குவிச்சு வைப்பாங்க. சொம்புத் தண்ணி உச்சியில விழுந்து கைமேல வழிஞ்சு காதோரமாப் போகும். மூக்குக்கு ஒரு சொட்டு வராது. அதுகூட நீங்க ஒரு குறிப்பு மட்டும் சேர்த்துக்கங்க. தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரே மாதிரி "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு சொல்லுங்க. மூணுக்குத் தண்ணி வரும்னு குழந்தைக்குத் தெரிஞ்சுபோயிரும். குளத்துலயும் இதையேதான் கேப்பாங்க.

வகுப்புல அஞ்சாறு குழந்தைங்க, அதே அளவு பெத்தவங்க இருப்பாங்க. முதல்ல கரையில உக்காரவெச்சுக் காலை நனைப்பாங்க. கோச் அக்கா ஒரு சின்னக் குவளையில தண்ணியெடுத்துக் கால், தொடை, தோள்னு படிப்படியா ஊத்துவாங்க. அப்புறம் நீங்க எறங்கணும். ரெண்டு பேரு போனா, ஒருத்தர் எறங்கி நின்னப்புறம் இன்னொருத்தர் குழந்தையைக் கொடுக்கணும். குழந்தையைத் தூக்கிட்டுப் படியில எறங்கறது ஆபத்து, ஈரப் படியில கால் வழுக்கும். தனியாப் போறவங்க கரையில குழந்தையை உக்காரவெச்சு, ஒரு கையை அதுமேலயிருந்து எடுக்காமலேயே எறங்கணும். கோச்சைக் கூப்பிட்டுப் பிடிச்சுக்கச் சொன்னா இன்னும் நல்லது.

எறங்கினதும் நாம நேரா நின்னுக்கிட்டுக் குழந்தையை மேலே தூக்கிப் பிடிப்போம். அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஈர உடம்புல காத்துப் பட்டா குளிரும். முட்டியை மடக்கி, உங்க தோள் தண்ணிக்குள்ள முங்கற அளவுக்குத் தாழுங்க. குழந்தையோட தோளும் தண்ணிக்குள்ள இருக்கணும், முகம் உங்க முகத்துக்கு நேரா இருக்கணும். அக்குளுக்கடியில ரெண்டு கையும், பெருவிரல் முன்பக்கம். முதல்ல மார்போட அணைச்சுக்கிட்டே நடங்க. ரெண்டு சுத்து வந்ததும் மெதுவா ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. என் கை கல்லாட்டம் இறுகிக் கிடந்ததைப் பார்த்துட்டு கோச், "அக்கா, தண்ணி பாதி பாரத்தைச் சொமக்குதுங்க, நீங்க மீதியைப் புடிச்சாப் போதும்"னாங்க. நான் கையைத் தளர்த்தின அதே நேரம் பாப்பாவோட காலு ரெண்டும் தவளையாட்டம் விரிஞ்சு ஒரு உதை உதைச்சுது.

அப்புறம் பந்தைத் துரத்தறது, கையால தண்ணியைத் தட்டறது, தலையை உங்க தோள்மேல சாய்ச்சு மல்லாக்கப் படுக்கவைக்கறது. மல்லாக்கப் படுக்கறது பாதிக் குழந்தைகளுக்குப் பிடிக்காது. பாப்பா ஏழாவது நிமிஷம் வீல்னு கத்துச்சு. கரையில உக்காந்து ஒரு பாட்டுப் பாடிட்டு மறுபடி எறங்கினோம். அழுதா ஏறலாம், ஏறிட்டு எறங்கலாம், எறங்காமலேயே வீட்டுக்கும் போகலாம்.

தலையை முக்கறது முதல் நாள்ல வேண்டாம். "பொறந்த குழந்தைக்கு மூச்சடக்கத் தானாத் தெரியும்"னு சொல்லுவாங்க. முகத்துல தண்ணி பட்டா மூச்சை நிறுத்தற ஒரு அனிச்சை முதல் மாசங்கள்ல இருக்கறது உண்மைதான். ஆனா அது ஆறு மாசத்துக்கு அப்புறம் மங்கிரும், அது நீச்சலும் கிடையாது. திரும்பத் திரும்ப முக்கினா குழந்தை தண்ணியை நிறைய விழுங்கும். ரத்தத்துல உப்பு குறைஞ்சு வலிப்பு வரைக்கும் போகலாம். உங்க கையிலிருந்து வாங்கி முக்கப்போறாங்கன்னு தெரிஞ்சா, "வேண்டாமுங்க"ன்னு சொல்லிருங்க. சங்கடப்பட வேண்டியதில்லை.

கை மிதவையும், இடுப்பு வளையமும் போட்டுட்டா பயமில்லைன்னு நினைக்காதீங்க. எங்கத்தை ஒரு நாள், "இனி வாய்க்காலுக்குப் பயமில்லயில்ல அம்மிணி?"ன்னு கேட்டாங்க. அம்மா வீட்டுக்கு எதிர்லயே கீழ்பவானி வாய்க்கால் ஓடுது. பவானிசாகர்ல இருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடிவர்ற தண்ணி அது, தோட்டத்துக்கெல்லாம் உசிரு. ஆனா 2021ல உலகத்துல தண்ணியில மூழ்கிச் செத்த சுமார் 3 லட்சம் பேர்ல, கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. குழந்தை மூழ்கறப்போ சத்தம் வராது. நாலு விரக்கடைத் தண்ணியிருக்கற பக்கெட்டே போதும். அதனால வகுப்புக்குப் போக ஆரம்பிச்ச அதே வாரம் வீட்டுத் தொட்டிக்கு மூடி போட்டோம், குளியலறைக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் வெச்சோம், பக்கெட்டைக் கவுத்து வெச்சோம். தண்ணி பக்கத்துல பாப்பா இருந்தா கை எட்டற தூரத்துல ஒரு பெரிய ஆள் இருக்கணும், போன் கையில இல்லாம.

வகுப்பு முடிஞ்சு மேலே வந்தா முதல் வேலை ஈர டயப்பரைக் கழட்டித் துணியில சுத்தறது. உங்க துணியை அப்புறம் மாத்திக்கலாம். வெதுவெதுப்பான தண்ணியில உடம்பை அலசி, கழுத்து மடிப்பு, தொடை இடுக்கெல்லாம் ஒத்தியெடுங்க. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு, காதை வெளியே மட்டும் துடைச்சாப் போதும், பஞ்சுக்குச்சி விடாதீங்க. ஒரு மடக்கு தண்ணி குடிச்சுட்டு இருமறது சகஜம். இருமல் நிக்கலைன்னாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பினா எழாத மாதிரி மயங்கிக் கிடந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.

பசி பயங்கரமா எடுக்கும். துணி மாத்தற அறையிலேயே பால் கொடுக்க உக்காந்துட்டேன். வண்டி கருமத்தம்பட்டி தாண்டறதுக்குள்ள தூங்கின பாப்பா, வீட்டுல தொட்டில்ல போட்டும் ரெண்டு மணி நேரம் அசையல. அடுத்த வகுப்பைத் தள்ளிப்போடாம மறு சனிக்கிழமையே, அதே நேரத்துக்கு வெச்சுக்கங்க. மூணாவது வாரம் கோச் குவளையைத் தூக்கி "ஒண்ணு, ரெண்டு"ன்னாங்க. "மூணு" வர்றதுக்கு முன்னாடியே பாப்பா கண்ணை இறுக்க மூடி, வாயைக் குவிச்சுக்கிட்டுக் காத்திருந்துச்சு.