பூப்பந்துத் திடலில் கிளித்தட்டு ஆடுவது எப்படி?

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஓடிப்பிடித்து சலித்துவிட்டதா? கிளித்தட்டு சொல்லிக்கொடுங்கள். ஓர் அணி கோடுகளில் நின்று மறிக்கும், இன்னோர் அணி தொடுபடாமல் தாண்டி ஓடும். மலாய்க்காரர்கள் இதைத்தான் காலா பாஞ்சாங் என்பார்கள். நீளமான கம்பு என்று பொருள். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து, "அட, இது நம்ம கிளித்தட்டு!" என்று பாட்டி சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

முதலில் கட்டம். அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்தில் சிமெண்ட் பூப்பந்துத் (பேட்மிண்டன்) திடல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். இரண்டு முனைக் கோடுகளும், வலைக்கு இருபுறமும் உள்ள முன் சர்வீஸ் கோடுகளும்தான் நம் நான்கு குறுக்குக் கோடுகள். முனையை ஒட்டியுள்ள இன்னொரு கோட்டைக் கண்டுகொள்ளாதீர்கள். நடுக்கோடு வலைப் பகுதியில் விட்டுப்போயிருக்கும், சுண்ணக்கட்டியால் இணைத்துவிடுங்கள். மழை பெய்தால் மறுபடி போட வேண்டியதுதான். சரி, ஆறு கட்டங்கள் தயார்.

அணிக்கு 4 பேர். ஓ பே சோம் போட்டு, அதாவது எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளங்கையோ புறங்கையோ காட்டி, பிரிந்துகொள்ளுங்கள்.

மறிக்கும் அணியில் கோட்டுக்கு ஒருவர். கால் கோட்டிலேயே இருக்க வேண்டும், கை எட்டுகிற வரை தொடலாம். முதல் கோட்டுக்காரர்தான் கிளி. அவர் மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். சுறுசுறுப்பானவரைக் கிளியாக்குங்கள். நாங்கள் உயரத்தைப் பார்த்து ஆளை நிறுத்தி மூன்று ஆட்டம் தோற்றோம்.

ஓடும் அணி நான்கு கோடுகளையும் தாண்டி, அப்படியே திரும்பி வர வேண்டும். ஒருவர் முழுசாக வந்தால் ஒரு புள்ளி. யாரையாவது தொட்டுவிட்டாலோ, பக்கக் கோட்டுக்கு வெளியே மிதித்தாலோ அணியே அவுட், இடம் மாறுங்கள். 'சோப்' (கொஞ்சம் நிறுத்து) என்று கத்தித் தப்பிக்கிற வேலையெல்லாம் இங்கே செல்லாது.

புதியவர்கள் கண்மண் தெரியாமல் ஓடித்தான் மாட்டுவார்கள். இரண்டு பேர் ஒரே கோட்டுக்கு முன்னால், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நில்லுங்கள். ஒருவர் பாய்வதுபோல் பாவ்லா காட்டினால் மறிப்பவர் அங்கே நகர்வார். அந்த நொடியில் மற்றவர் தாண்டிவிடலாம். ரொம்ப நேரம் யோசித்தால் கிளி பின்னாலிருந்து வந்து தொட்டுவிடும். நடுக்கோட்டிலிருந்து பக்கக் கோடு சுமார் 3 மீட்டர், அதனால் ஓரமாக ஒதுங்கினால் அதன் கை எட்டாது.

தொடக்கநிலை 1, 2 பிள்ளைகளென்றால், தொடப்பட்டவர் மட்டும் வெளியே போகட்டும். இல்லாவிட்டால் அழுகைதான். அப்புறம், சிலிப்பரோடு ஆட விடாதீர்கள். மாலை ஐந்தரைக்கு மேல் இறங்குங்கள். அதற்கு முன் சிமெண்ட் கொதிக்கும்.