நிரலை நிரூபிக்கும் தொழிலுக்குத் தயாராவது எப்படி?

ஒரு நிரல் எந்த உள்ளீட்டைக் கொடுத்தாலும் தன் விவரக்குறிப்பை, அதாவது அது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த நிபந்தனைகளை, மீறாது என்பதைக் கணித நிரூபணமாக நிறுவும் துறைக்கு ஃபார்மல் வெரிஃபிகேஷன், அதாவது முறைசார் சரிபார்ப்பு என்று பெயர். இதைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவர், எதை நிரூபிக்க வேண்டும் என்பதைப் பிழையின்றி எழுத முதலில் பழக வேண்டும்.

ஒரு பட்டியலை ஏறுவரிசைப்படுத்தும் நிரலுக்கு விவரக்குறிப்பு எழுதிப் பாருங்கள். "விடை ஏறுவரிசையில் இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால், எதைக் கொடுத்தாலும் வெற்றுப் பட்டியலைத் திருப்பித் தரும் நிரலும் சரியானதாகிவிடும். உள்ளீட்டில் இருந்த உறுப்புகள் அத்தனையும், அதே எண்ணிக்கையில், விடையிலும் இருக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனையைத் தாமாகவே கண்டுபிடிக்கும் மாணவருக்கு இத்துறை கைவரும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, நிரலோடு அதன் நிரூபணத்தையும் கருவியே சரிபார்க்கும் டாஃப்னி என்ற மொழியில், வரிசைப்படுத்திய பட்டியலை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகக் குறைத்துத் தேடும் இருபாகத் தேடலை எழுதி நிரூபியுங்கள். தேடப்படும் எண் பட்டியலில் இருந்தால் அது கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையிலேதான் இருக்கும் என்ற கூற்று, ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்பதைக் காட்ட வேண்டும். கருவி அதை ஏற்றுக்கொண்ட பிறகே உண்மையான பாடம் தொடங்குகிறது. ஜாவா நூலகத்தின் இருபாகத் தேடலில், இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரியில், கூட்டுத்தொகை 32 பிட் முழு எண்ணின் உச்சமான 2,147,483,647ஐத் தாண்டினால் எதிர்ம எண்ணாக மாறிவிடும் பிழை ஏறத்தாழ 9 ஆண்டுகள் கிடந்து, 2006இல் வெளிப்படுத்தப்பட்டது. டாஃப்னியின் சாதாரண முழு எண்ணுக்கு வரம்பே இல்லை; ஆகவே அதே வரியை அங்கே எழுதினால் நிரூபணம் தடையின்றி நிறைவேறும். எண்ணை 32 பிட்டுக்குள் அடக்கி மறுபடியும் முயன்றால்தான் கருவி அந்த வரியை மறுக்கும்.

கணிதத்தில் தருக்கமும் தொகுத்தறிதலும் இன்றியமையாதவை. சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் இத்துறைக்கு நெடுநாள் மரபு உண்டு. வேலையைப் பொறுத்தவரை, சிப் வடிவமைக்கும் நிறுவனங்கள் நிலையான வாய்ப்பைத் தருகின்றன. 1994இல் பென்டியம் சிப்பின் வகுத்தல் பிழையால் இன்டெல் 47.5 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் ஏற்றியது அந்தத் தொழில் முழுவதையுமே இந்தப் பக்கம் திருப்பியது. மென்பொருளில் ஈடுபாடு உள்ளவர் நிரூபணம் எழுத உதவும் கருவிகளான லீன், ராக் (முன்பு காக்), இசபெல் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, ஓராண்டேனும் அதிலேயே ஆழமாக உழைக்க வேண்டும்.

பிறகு, 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நிரூபித்த எஸ்இஎல்4 இயங்குதளக் கருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 8,700 வரி சி நிரலுக்கு, இசபெல் கருவியில் 2 லட்சம் வரி நிரூபணம் எழுதினார்கள். அதைப் படிக்கும்போது, கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி), வன்பொருள், அசெம்பிளி என்ற கீழ்நிலை மொழியில் எழுதிய பகுதி, தொடக்க நிரல் ஆகியவை சரியானவை என்று அவர்கள் வெளிப்படையாக எழுதிவைத்த அனுமானங்களிலிருந்து தொடங்குங்கள்; உங்கள் முதல் நிரூபணத்துக்கும் அத்தகைய ஒரு பக்கத்தை எழுதி இணையுங்கள்.