"ஊசி வேண்டாம் டொக்டர்" என்று சொல்லும் அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

வன்னியில் புதுக்குடியிருப்புப் பக்கமோ துணுக்காய்ப் பக்கமோ, கிளினிக் நாளில் பிரஷர் குளிசைக்கு வந்து வாங்கில் இருக்கிற அம்மாவிடம் சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) தடுப்பூசி என்று வாயெடுத்தாலே கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வார். அந்த இடத்தில் வகுப்பெடுக்கத் தொடங்கினீர்களோ, ஆள் போய்விட்டார்.

முதலில் கேளுங்கள்: "கடைசியா எப்ப ஊசி போட்டனீங்கள், பிறகு என்ன நடந்தது?" 2021இல் கொரோனா ஊசி போட்டுவிட்டு இரண்டு நாள் எழும்பாமல் கிடந்த கதை வரும், பக்கத்து வளவில் ஊசி போட்ட கிழமையே மாரடைப்பில் செத்தவரின் கதையும் வரும். இடையில் வெட்டாதீர்கள். பிறகு, கை நோகும், ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் காயலாம், பனடோல் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் ஊசியாலேயே சளிக்காய்ச்சல் வராது, ஆனால் ஊசி வேலை செய்ய இரண்டு கிழமை எடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இடையில் வருகிற தடிமனுக்கும் ஊசிதான் பழி சுமக்கும்.

"உடம்பில செல் துண்டு கிடக்கு, போடலாமா?" என்று, போரில் பாய்ந்த எறிகணைச் சிதறல் இன்னும் உடம்பில் இருப்பவர்கள் கேட்பார்கள். போடலாம், காயப்படாத கையில் போடுங்கள். அதற்கு முன் தழும்பைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிடம்தான் போகும். சிலருக்கு அதே கையில் சின்ன வயதில் அம்மைப்பால் குத்தின அடையாளமும் இருக்கும். பெரியம்மை 1980இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது இப்படிக் குத்தித்தான். போலியோ சொட்டு மருந்துக்காகச் சண்டையை நிறுத்திய நாட்களில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவரும் இவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

"மகளிட்டக் கேக்கோணும்" என்றால் அது மறுப்பில்லை. மகள் கனடாவில் இருப்பார். நேரம் ஒத்துவந்தால் வட்ஸ்அப்பில் எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். பின்னால் நிற்கிற வரிசை முறைக்கும்தான், நான் அதைப் பார்ப்பதில்லை. இல்லையென்றால் ஊசியின் பெயரைக் கிளினிக் கொப்பியில் எழுதிவிடுங்கள், படம் பிடித்து அனுப்பட்டும்.

காசு கொடுத்துப் போட வேண்டியதென்றால் விலையை முதலே சொல்லுங்கள், சில "வேண்டாம்" அதற்காகத்தான். அருவி வெட்டு (நெல் அறுவடை) நாளில் திகதி கொடுக்காதீர்கள்.

அப்படியும் வேண்டாம் என்றால், சரி, குளிசையைக் கொடுத்து அடுத்த கிளினிக் திகதியை எழுதிவிடுங்கள். முகத்தைச் சுளித்தால் குளிசைக்கும் வரமாட்டார்.