‘டக் டக்’ கேட்டதும் ஃபேனை மாற்றியவனின் அனுபவம்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் போன் செய்தான். "அண்ணா, கம்ப்யூட்டர்ல ஏதோ சத்தம். ஃபேன்தான், நாளைக்கு மாத்திடுறேன்." எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டேன். "டக்... டக்... டக்..." என்று வாயாலேயே செய்து காட்டினான். "முதல்ல ஆஃப் பண்ணு" என்றேன். என் கம்ப்யூட்டரில் இதே சத்தம் வந்த அன்றைக்கு என்னிடம் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

தூசி தட்டுவதும் ஸ்க்ரூவை முறுக்குவதும் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். சத்தம் கேட்டதும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டக் டக்கை ஃபேன் கணக்கில் எழுதுவது

ஃபேன் சத்தம் விடாமல் வரும். பேரிங் தேய்ந்தால் ‘கிர்ர்’, இதழில் கேபிள் உரசினால் ‘தடதட’. வேகம் கூடினால் சத்தமும் கூடும். ஹார்ட் டிஸ்க் அப்படியல்ல: ஒரு தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி ஒரு தட்டு. உள்ளே நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுழலும் தகட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், டேட்டாவைப் படிக்கும் ஹெட் மிதக்கிறது. தான் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டும் குறிகளை அதனால் படிக்க முடியாவிட்டால், பின்வாங்கிவந்து திரும்ப முயலும். காதில் விழுவது அந்த அலைச்சல்தான்.

இது தெரியாமல் நான் கேபினெட் ஃபேனை மாற்றினேன். சத்தம் போகவில்லை. பிராசஸர் ஃபேனையும் மாற்றினேன். இதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது, டிஸ்க்கும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் சந்தேகம் டிஸ்க் மேல் திரும்பியபோது செய்தது இன்னும் பெரிய கூத்து. கெட்ட செக்டர்களை, அதாவது டேட்டா எழுதும் சின்னத் துண்டுகளில் பழுதானவற்றைத் தேடும் விண்டோஸின் முழு செக்டிஸ்க் சோதனையை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். மூச்சு வாங்கும் டிஸ்க்கை ஒரு செக்டர் விடாமல் படிக்கச் சொல்லும் கட்டளை அது! காலையில், ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லை. ஆறு வருடப் போட்டோக்கள் போயே போயின. புது ஃபேன்கள் இரண்டும் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன.

"இன்னும் ஓடுதே, அப்புறம் பேக்கப் எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

செய்ய வேண்டியது இது. ஆஃப் செய்து, டிஸ்க்கின் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருந்தாலும் பரவாயில்லை, பயாஸ் திரையில் நிறுத்திக் காது கொடுத்தால் போதும். சத்தம் நின்றால் டிஸ்க்தான். இன்னொரு டிஸ்க் கைக்கு வரும்வரை திரும்ப மாட்டாதீர்கள். பயாஸில் தெரிந்தால், போனால் திரும்பக் கிடைக்காத ஃபைல்களை முதலில் எடுங்கள். தெரியவே இல்லையென்றால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்காமல் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். ஃப்ரீஸரில் வைக்கச் சொல்பவர் இன்னும் இருக்கிறார்கள்; உள்ளே ஈரம் படிந்தால் மிச்சமும் போகும்.

டிஸ்க் தன் நிலைமையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 5 (கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை) இரண்டையும் பாருங்கள். அவற்றின் எண்ணிக்கை ஏறினால் டிஸ்க் மோசமாகிறது. பூஜ்யமாக இருக்கிறதே என்று மட்டும் நிம்மதி அடைய வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்ப்பது

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும்.

ப்ளோயரை நேராக ஃபேன் மேல் காட்டுவது

‘விர்ர்ர்’ என்று சுற்றுவதைப் பார்க்க ஜோராகத்தான் இருக்கும். அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங் போய்விடலாம். இதழைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

கீச்சுக்குப் பயந்து கார்டை மாற்றுவது

கேம் மெனுவில் மட்டும் கிராஃபிக்ஸ் கார்டு மெலிதாகக் கீச்சிடுகிறதா? அங்கே ஃபிரேம்கள், அதாவது கார்டு வரையும் படங்கள், நொடிக்கு நூற்றுக்கணக்கில் பறக்கும், கார்டில் உள்ள காயில்கள் அதிரும். நொடிக்கு 60 ஃபிரேம் என்று வரம்பு வைத்துப் பாருங்கள். சத்தம் அடங்கினால் கார்டை அப்படியே விட்டுவிடலாம்.

எஸ்எஸ்டி மேல் பழி போடுவது

எஸ்எஸ்டி சிப்பில் டேட்டா வைக்கும் டிஸ்க்; அதில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. ஃபேன் இதழில் கேபிள் உரசுகிறதா என்று பாருங்கள்.